ஸ்வெட்டர் போட்ட ஐஸ்கட்டி

எங்கள் பள்ளியில் தண்ணீர் எப்போதும் சரியாக நூறு டிகிரியில்தான் கொதிக்கும். வெப்பமானி தொண்ணூற்றேழில் நின்று அடம்பிடிக்கும். நான் குனிந்து பார்த்துவிட்டு, "நூறு சார்" என்று உரக்கச் சொல்வேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நூறு என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பத்தொன்பது வருஷமாக இயற்கைக்கும் பாடப்புத்தகத்துக்கும் சண்டை வராமல் பார்த்துக்கொண்டவன் நான். இந்த வேலைக்கு ஆய்வக உதவியாளர் என்று பெயர்.

ஆனால் நான் சொல்லவந்தது என்னைப் பற்றியல்ல, அந்த நூறைக் கேட்டு "பார்த்தீங்களா?" என்று பிள்ளைகளைப் பார்த்துப் பூரிக்கும் அறிவியல் ஆசிரியரைப் பற்றி. அவர் என் அக்காவின் கணவர். அவர் வீட்டு மாடி அறையில்தான் நான் குடியிருக்கிறேன். வீட்டில் அவரை அத்தான் என்பேன், பள்ளிக்கூடத்தில் சார் என்பேன். அவர் வீட்டில் என்னை மச்சான் என்பார், பள்ளிக்கூடத்தில் 'லேப்' என்பார். "லேப், எல்லாம் ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விடுவார். நான் வாயைத் திறப்பதற்குள் பாடம் தொடங்கியிருக்கும். ஒருமுறை காஸ் தீர்ந்துபோனது அவருக்குத் தெரியாது. பர்னரைப் பற்றவைக்கிறேன் பேர்வழி என்று அரை தீப்பெட்டியைக் காலி செய்தார். பிள்ளைகள் அதையும் ஒரு சோதனை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கைதட்டல்தான் அவருடைய மூச்சு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மேஜிக் சார்'. அவித்த முட்டையைப் புட்டி தானாக உள்ளே இழுத்துக்கொள்ள வைப்பார். காகிதக் கோப்பையில் தண்ணீர் கொதிக்க வைப்பார். முதல் மாடியிலிருந்து இரும்பு உருண்டையையும் மர உருண்டையையும் ஒன்றாகப் போட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் தரையில் விழுவதைக் காட்டுவார். பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர், சத்தம் தாங்காமல் தலைமையாசிரியையிடம் போய் அழாத குறையாகப் புகார் சொல்லியிருக்கிறார். அத்தான் சின்ன வயதில் படித்த பள்ளியில், அறிவியல் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தை ஒப்பிப்பாராம். தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கொட்டாவி விடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்ததாக அத்தான் சொல்வார். அதை அவர் சாதித்துக் காட்டினார் என்பதற்கு நானே சாட்சி.

ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் அவர் கேட்பது ஒன்றே ஒன்று. "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்" என்று கூரை அதிரும்.

அந்த வருஷம் அவருடைய நெடுநாள் ஆசை கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அதற்கு அறுபது ஆசிரியர்கள் முன்னிலையில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை அந்தப் பதவி அவருக்கு வராமல் போயிருந்தது. இன்னும் ஒரு தடவை காத்திருக்க வயசு இடம் கொடுக்காது. அவர் ஏழு சோதனைகள் கொண்ட ஒரு நிகழ்ச்சியைத் திட்டமிட்டுப் புதுச்சட்டையும் தைக்கக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆராய்ச்சிக்காரம்மா வந்து சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் கல்வியும் உளவியலும் சேர்ந்த ஏதோ துறை. முப்பது வயதுதான் இருக்கும், ஒல்லியான உருவம், பேசினால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. பிள்ளைகள் அறிவியலை எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். தலைமையாசிரியை, பெருமையாகக் காட்ட ஓர் ஆசிரியர் இருக்கிறாரே என்று, நேராக அத்தானின் வகுப்புக்கு அனுப்பிவிட்டார். ஆராய்ச்சிக்காரம்மா கடைசி வரிசையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு கை, மூன்று வேலை. அதனால் ஸ்டாப்வாட்சை என்னிடம் கொடுத்தார்.

"சார் ஒரு கேள்வி கேட்டு முடிச்சதும் அழுத்துங்க. அவர் மறுபடி பேச ஆரம்பிச்சதும் அழுத்துங்க. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நாற்பது நிமிஷ வகுப்பில் என் கட்டைவிரல் வீங்கிப்போனது. அத்தான் ஐம்பத்து நான்கு கேள்விகள் கேட்டார். அதில் முப்பத்தொன்று 'புரிஞ்சுதா'. கேள்விக்கும் அவருடைய அடுத்த சொல்லுக்கும் நடுவில் சராசரியாக முக்கால் நொடி. பல தடவை நான் முதல் அழுத்தை அழுத்துவதற்குள் இரண்டாவது அழுத்தின் நேரம் வந்துவிட்டது.

டீ குடிக்கும்போது ஆராய்ச்சிக்காரம்மா இதை மெதுவாகச் சொன்னார். அத்தான் சிரித்தார். "எங்க பசங்க அவ்வளவு வேகம்மா. கேட்டவுடனே பதில் வந்துடும்."

"பதில் யார்கிட்டேருந்து சார் வந்துது?"

"ஏன், அவங்ககிட்டேருந்துதான்" என்றார் அத்தான். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளருக்குள் பார்த்தேன். ஐம்பத்து நான்கில் நாற்பதுக்கு அவரே பதில் சொல்லியிருந்தார்.

அடுத்த வாரம் ஆராய்ச்சிக்காரம்மா பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தார். நான்கே கேள்விகள், மார்க் கிடையாது, பெயர் எழுதினால் போதும். இரண்டு நாள் கழித்துத் திருத்திய தாள்களோடு ஆய்வகத்துக்கு வந்தார். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். நல்ல செய்தி கொண்டுவருகிறவர்கள் கதவை அவ்வளவு பத்திரமாகச் சாத்துவதில்லை.

முதல் கேள்வி உருண்டைகளைப் பற்றியது. போன மாதம் மாடியிலிருந்து போட்டபோது என்ன பார்த்தாய்? இருபத்திரண்டு பேர், இரும்பு உருண்டைதான் முதலில் விழுந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பிள்ளை, மர உருண்டை பின்னாலேயே மெதுவாக வருவதுபோல் படமும் வரைந்திருந்தது.

"நானே மேலேருந்து போட்டேன்மா. ரெண்டும் ஒண்ணாத்தான் விழுந்துது. கண்ணால பார்த்தவங்க எப்படி மாத்தி எழுதுவாங்க?" என்றார் அத்தான்.

"எது முதல்ல விழும்னு அவங்க முன்னாடியே நினைச்சாங்களோ, அதத்தான் பார்த்திருக்காங்க சார். இங்க மட்டும் இல்ல, இத ஆராய்ஞ்ச நிறைய இடத்துல இப்படித்தான் ஆயிருக்கு."

அடுத்தது ஐஸ்கட்டி. ஒரே அளவில் இரண்டு ஐஸ்கட்டிகள். ஒன்றைக் கம்பளி ஸ்வெட்டருக்குள் சுற்றி வைக்கிறோம், மற்றதைச் சும்மா வைக்கிறோம். எது முதலில் கரையும்? முப்பத்தொரு பேர் ஸ்வெட்டருக்குள் இருப்பது என்று எழுதியிருந்தார்கள். அதே தாளில் கடைசிக் கேள்வி, கம்பளியின் பண்பு என்ன என்பது. முப்பத்தேழு பேர், எழுத்துப்பிழைகூட இல்லாமல், 'கம்பளி ஒரு வெப்ப அரிதிற்கடத்தி. அது வெப்பத்தை எளிதில் தன் வழியே கடத்தாது' என்று எழுதியிருந்தார்கள்.

அத்தான் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. அது அவருடைய சொந்த மகள் எழுதியது. அவளும் அதே வகுப்புதான், அறிவியலில் எப்போதும் முதல் மார்க். அந்த முப்பத்தொரு பேரில் அவளும் ஒருத்தி.

"பிள்ளைங்க காலி டப்பாவா வர்றதில்ல சார்" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா. "ஏற்கெனவே ஒண்ண நம்பிட்டுத்தான் வர்றாங்க. அத வெளிய எடுத்து வைக்கச் சொல்லாம நாம மேல மேல கொட்டினா, நம்ம பாடம் ஒரு பக்கம் கிடக்கும், அவங்க நம்பிக்கை ஒரு பக்கம் கிடக்கும். சோதனையக் காட்டறதுக்கு முன்னாடி, என்ன நடக்கும்னு அவங்களையே எழுதச் சொல்லுங்க. ஏன்னு கேளுங்க. கேட்டுட்டுக் காத்திருங்க. அப்பறம் காட்டுங்க. என்ன பார்த்தாங்கன்னு மறுபடி கேளுங்க."

அத்தான் பதிலே சொல்லவில்லை. இருபது வருஷத்தில் அவர் பதில் சொல்லாத முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன், அது கேள்வியாக இல்லாவிட்டாலும்.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளை உட்கார வைத்துக் கேட்டார். "நீயுமாம்மா?"

அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். "அப்பா, அரிதிற்கடத்திங்கறது பரீட்சைக்கு. ஸ்வெட்டர் போட்டா சூடாகும்ங்கறது நிஜம். அந்த அக்கா மார்க் இல்லன்னு சொன்னாங்க, அதனால நிஜத்த எழுதினேன்."

எனக்கு அவள் சொன்னது மிக நியாயமாகப் பட்டது. அதை வெளியே சொல்லவில்லை.

என் அக்கா கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்பது அவள் வேலை. அவள் தட்டில் பரிமாறிக்கொண்டே பேசினாள்.

"எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப்பேர் வரிசையில உக்காந்திருக்கும்போதே சுவத்துல இருக்கற எழுத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவாங்க. படிங்கன்னா கடகடன்னு ஒப்பிப்பாங்க. கண்ணு தெரியலன்னு சொல்ல அவ்வளவு வெக்கம். அதனால நான் கடைசி வரிசையிலேருந்து தலைகீழாக் கேப்பேன். அப்பதான் குட்டு வெளிய வரும்."

அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப நான் இருபது வருஷமா என்ன கேட்டுட்டிருந்தேன்?"

"தெரியுதான்னு கேட்டீங்க. தெரியுதுன்னாங்க. கண்ணாடி குடுக்காம அனுப்பிட்டீங்க" என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் பொறுத்து, "முக்கால் நொடின்னு தம்பி சொன்னான். கல்யாணமான நாள்லேருந்து எனக்கு அந்த முக்கால் நொடிகூடக் கிடைச்சதில்ல" என்றும் சொன்னாள். அதை இன்னொரு நாளைக்கு வைத்திருந்திருக்கலாம்.

இரண்டு நாள் அத்தான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. வகுப்பில் மேஜிக் இல்லை, புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். கணக்கு ஆசிரியர் பயந்துபோய், உடம்புக்கு ஏதாவதா என்று என்னிடம் விசாரித்தார். உண்மையில் எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன்னை நல்ல வாத்தியார் என்று நம்பித்தான் அந்த மனுஷன் காலையில் எழுந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை நான்கு கேள்விகள் கொண்ட ஒரு தாள் பறித்துக்கொண்டுவிட்டது.

மூன்றாம் நாள் தலைமையாசிரியையின் அறைக்குப் போய், மாதிரி வகுப்பில் ஏழு சோதனைகள் கிடையாது, ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஐஸ்கட்டி என்று சொன்னார்.

"ஐஸ்கட்டியா?" என்றார் தலைமையாசிரியை. "அறுபது பேர் வர்றாங்க சார். உக்காந்து ஐஸ் கரையறதப் பார்க்கவா?"

"ஆமாம் மேடம்."

"அந்த முட்டையாவது இருக்கட்டுமே. முட்டை நல்லா இருக்கும்."

முட்டையும் இல்லை என்று முடிவானது.

பிறகு காத்திருக்கும் பயிற்சி தொடங்கியது. நீந்தத் தெரியாதவன் கிணற்றில் விழுந்தால்கூட இவ்வளவு தவித்திருக்க மாட்டான். அக்காவிடம் ஒரு கேள்வி கேட்பார், நான் ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். மூன்றாம் நொடியில் கன்னம் உப்பும். ஐந்தில் காது சிவக்கும். ஏழில், "அதாவது என்னன்னா" என்று அவரே பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுவார். கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். கேள்வி கேட்டதும் வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டும், யாராவது பதில் சொல்லும்வரை விழுங்கக்கூடாது.

வகுப்பில் அதைச் செய்துபார்த்தார். முதல் நாள் அடக்க முடியாமல் கரும்பலகை நனைந்தது. இரண்டாம் நாள் மூன்று தடவை கழிவறைக்கு ஓடினார். நான்காம் நாள், வருஷக்கணக்காக வாயே திறக்காத ஒரு கடைசி பெஞ்சுப் பெண், ஒன்பதாம் நொடியில் எழுந்து நின்று, "எனக்குப் புரியல சார்" என்றாள். அத்தான் தண்ணீரை விழுங்கிவிட்டு, ஏதோ பரிசு வாங்கியவர்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இனி என் பங்கைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாதிரி வகுப்புக்கு இரண்டு நாள் முன்னால் அத்தான் சொன்னார். "மச்சான், ஐஸ வச்சு ஒரு தடவை செஞ்சு பார்த்துடு. எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரியணும்." நான் மறுநாள் "பார்த்தாச்சு, அரை மணி நேரம்" என்றேன். பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? ஸ்வெட்டர் சூடு என்பது பச்சைக்குழந்தைக்கும் தெரியும். கம்பளி ஒரு வெப்ப அரிதிற்கடத்தி என்று பத்தொன்பது வருஷமாகக் கடைசி வரிசையில் நின்று கேட்டிருக்கிறேன், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். அது பாடத்தில் வருகிற கம்பளி. சோதனைக்கு எடுத்து வைத்திருந்த அத்தானின் பழுப்பு ஸ்வெட்டர் வேறு. அதை ஒருமுறை கடன் வாங்கிப் போட்டு வியர்த்துக் கொட்டியவன் நான்.

ஆகவே என் கணக்கு இதுதான். அறுபது பேர் முன்னால் அத்தான் ஸ்வெட்டரைப் பிரிப்பார், உள்ளே ஐஸ் தண்ணீராகக் கிடக்கும், மூக்கு உடைபடும், மூன்றாவது தடவையும் பதவி போகும். பத்தொன்பது வருஷமாகத் தண்ணீரை நூறில் கொதிக்கவைத்தவன் சும்மா இருக்க முடியுமா? வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு சதுர டப்பாக்களை வைத்தேன். ஒன்றில் விளிம்புவரை தண்ணீர், மற்றதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே சதுரம்தான். தட்டில் கவிழ்த்து வைத்தால் கனத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரியது ஸ்வெட்டருக்குள் போக வேண்டியது.

அன்று பள்ளிக்கூடத்தின் பெரிய அறை நிரம்பி வழிந்தது. முன்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பின்னால் அறுபது ஆசிரியர்கள். தேர்வு செய்ய வந்த மூன்று அதிகாரிகள் ஓரத்தில். சுவரோரமாகப் பழைய பழக்கப்படி ஆராய்ச்சிக்காரம்மா, பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நான். தலைமையாசிரியை புதுக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசையில் கவலையோடு உட்கார்ந்திருந்தார். அத்தான் புதுச்சட்டையில், ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியோடு நின்றார்.

நான் முன்னதாகவே ஸ்வெட்டர் பக்கம் வைத்திருந்த கட்டியை அதில் சுற்றினார், மற்றதைச் சும்மா வைத்தார். எது முதலில் கரையும் என்று எழுதச் சொன்னார். இருபத்தொன்பது பிள்ளைகள் ஸ்வெட்டர் பக்கம் கை தூக்கினார்கள். பின்வரிசையில் சில ஆசிரியர்கள் சிரித்தார்கள். "நீங்களும் கை தூக்குங்க" என்றார் அத்தான் அவர்களைப் பார்த்து. சிரிப்பு நின்றது. அறுபது பேரும் பக்கத்து ஆளின் கை எங்கே போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கடைசியில் இருபது கைகள் ஸ்வெட்டர் பக்கம் எழுந்தன. தலைமையாசிரியை கையைப் பாதிவரை தூக்கி, தலைமுடியைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டார்.

"ஏன்?" என்று கேட்டுவிட்டு அத்தான் தண்ணீரை வாயில் ஊற்றினார்.

பத்து நொடி. அதற்கப்புறம் அந்த அறையில் நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது, சந்தை என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்வெட்டருக்குள்ளேயே சூடு இருக்கிறது என்றது ஒரு பிள்ளை. அப்படியென்றால் அலமாரிக்குள் தொங்கும் ஸ்வெட்டர் ஏன் சூடாக இல்லை என்றது இன்னொன்று. சூடு நம் உடம்பிலிருந்துதான் வருகிறது, ஐஸுக்கு ஏது உடம்புச்சூடு என்றாள் அந்தக் கடைசி பெஞ்சுப் பெண். பின்வரிசை ஆசிரியர்கள் இரண்டு பேர் தங்களுக்குள் உண்மையாகவே சண்டை போட்டார்கள். அத்தான் ஒரு புட்டியைக் காலி செய்து இரண்டாவதைத் திறந்தார். ஒருவருக்கும் அவர் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் ஸ்வெட்டரைப் பிரித்தார். வெளியே இருந்தது மெல்லிய தகடாகியிருந்தது. உள்ளே இருந்தது கட்டுக்குலையாமல் கிடந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆசிரியர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன், என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தான் கையை உயர்த்திக் கைதட்டலை நிறுத்தினார். என் வாழ்நாளில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்.

ஆறாம் நொடியில் அவர் மகள் எழுந்தாள். "சார், ஆரம்பத்துல ரெண்டும் ஒரே எடையா இருந்துச்சா? யாரும் நிறுத்துப் பார்க்கலையே."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஏழு சோதனைக்கும் கிடைக்காத கேள்வி அது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ரெண்டும் ஒரே எடைதானே, லேப்?"

'ஆமாம் சார்.' இரண்டே சொல். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். சொன்னால் எல்லாம் முடிந்தது. கைதட்டல் வரும், பதவி வரும், மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். அவர் வழக்கம்போல் மேலே பேசிக்கொண்டு போயிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் பேசவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல அத்தான்" என்றேன்.

அறையில் சிரிப்பு எழுந்தது. பாதிச் சிரிப்பு அத்தான் என்றதற்கு. "உள்ள வச்சது பெருசு. நான்தான் அப்படிப் பண்ணினேன்" என்று முடித்தேன். அதிகாரிகளில் ஒருவர் கையிலிருந்த தாளில் என்னவோ எழுதினார். தலைமையாசிரியை சால்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே என்னை வெளுத்து வாங்குவார் என்று நினைத்தேன். அதற்கு முழு நியாயமும் இருந்தது.

"ஏன் மச்சான்?" என்று கேட்டார்.

நான் திருதிருவென முழித்தேன். அவரிடம் தண்ணீர்ப் புட்டி இல்லை, மேஜைமேல் வைத்திருந்தார். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், அறுபது பேர் பார்க்க, அவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் தலையைச் சொறிந்தேன், தரையைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"ஸ்வெட்டர் சூடுன்னுதான் நினைச்சேன்" என்றேன் கடைசியில். "உள்ள இருக்கறது சீக்கிரம் கரைஞ்சுடும். எல்லார் முன்னாடியும் உங்க மானம் போயிடும். அரிதிற்கடத்தி எல்லாம் எனக்கும் தெரியும். ஆனா நம்பல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஸ்வெட்டர் பக்கம் கை தூக்கிய இருபது ஆசிரியர்களும் என்னைச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

"எனக்கும் அதேதான் மாமா" என்றாள் அக்கா மகள், வகுப்பு என்பதையும் மறந்து.

அத்தான் மிச்சமிருந்த பெரிய கட்டியை எடுத்து இரண்டாக உடைத்தார். மகளைக் கூப்பிட்டுத் தராசில் நிறுக்கச் சொன்னார். அவள் கனமான துண்டைச் சுரண்டிச் சுரண்டி, இரண்டையும் நூற்று இருபது கிராமுக்குக் கொண்டுவந்தாள். ஸ்வெட்டர் நனைந்து போயிருந்தது. உலர்ந்த கம்பளி அந்த அறையில் ஒன்றுதான் இருந்தது. தலைமையாசிரியை சால்வையைக் கழற்றிக் கொடுத்த விதத்தைப் பார்த்தவர்கள் ஒரு மாதம் அதைப் பற்றிப் பேசினார்கள்.

சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேர் தவிர யாரும் எழுந்து போகவில்லை. அரை மணி கழித்து அத்தான் சால்வையை என்னைப் பிரிக்கச் சொன்னார். வெளியே இருந்தது முப்பத்தைந்து கிராம். சால்வைக்குள் இருந்தது எண்பத்தெட்டு. நானே நிறுத்தேன், இரண்டு தடவை. என் கையால் சுற்றி என் கையால் பிரித்தும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

பதவி கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. வேறொரு பள்ளியிலிருந்து ஒன்பது சோதனைகளோடு வந்தவருக்குப் போனது, அதில் முட்டையும் உண்டு. கடிதம் வந்த அன்று அத்தான் பரவாயில்லை என்று நான்கு தடவை சொன்னார். நான்கு தடவை சொன்னதிலேயே தெரிந்துவிட்டது. குற்றம் என்னுடையது. ஆனால் அந்தச் சனிக்கிழமை வேறு பள்ளிகளிலிருந்து ஐந்து ஆசிரியர்கள் தாங்களாகவே வந்து, ஒரு சாதாரண வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது மாதம் ஒருமுறை வருகிறார்கள். அவர்களுக்கு எதிரில்தான் நான் முதன்முதலாக, "தொண்ணூற்றேழு சார்" என்றேன். வெப்பமானி மேல் தப்பா, தண்ணீர் மேல் தப்பா என்று பிள்ளைகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

மாதிரி வகுப்பு முடிந்த அன்று சாயங்காலம் ஆராய்ச்சிக்காரம்மாவிடம் ஸ்டாப்வாட்சைத் திருப்பிக் கொடுத்தேன். அத்தான் 'ஏன்' என்று கேட்டபோது பழக்க தோஷத்தில் அதை அழுத்தியிருக்கிறேன், நான் வாயைத் திறந்தபோது இன்னொரு தடவையும். எனக்கே அது தெரியாது. அவர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருபத்து மூணு நொடி காட்டுது. இவ்வளவு நேரம் சார் யாருக்காகக் காத்திருந்தார்?"

"எனக்காகத்தான்மா" என்றேன்.